பன்னிரண்டு வோல்ட் வீடு

டூரிஸ்ட் வேன் ஓட்டியது போதும், இனி எங்கேயும் போவதில்லை என்று தவசிலிங்கம் வீட்டோடு வந்து படுத்த பிறகுதான் அவருடைய வீடு ஓட ஆரம்பித்தது.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் பின்னால், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் சுவரோடு சுவர் ஒட்டிக் கிடந்த லைன் வீடுகளில் ரோட்டைப் பார்த்த முதல் வீடு அவருடையது. முப்பது வருடத்துக்கும் மேலாக ஊர்ச்சனங்களைக் குற்றாலத்துக்கும் கன்னியாகுமரிக்கும் வேளாங்கண்ணிக்கும் ஏற்றிக்கொண்டு போய், குளிக்க வைத்து, கும்பிட வைத்து, வாந்தி எடுத்தவர்களுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து, காணாமல் போன பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, மறுபடி அவரவர் வாசலில் கொண்டுவந்து இறக்கியவர் அவர். இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது, இனி ஸ்டியரிங் முன்னால் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது வருத்தப்படுவதற்குப் பதிலாக, மழைக்கு ஒதுங்க இடம் கிடைத்தவரைப் போல ஒரு மூச்சு விட்டார். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தால் கட்டில் ஓடியது. கண்ணை மூடினால் எதிரே லாரி வந்தது. வலது கால் தூக்கத்திலேயே பிரேக்கைத் தேடியது. அசையாத ஒரு இடம் வேண்டும், அதில் ஒரு தூக்கம் வேண்டும், அவர் உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் வேனின் முதலாளி வண்டியை உடைப்புக்குப் போட்டார். இத்தனை காலம் கூடவே இருந்த வண்டியில் ஏதாவது ஒன்று தவசிலிங்கத்துக்குப் போகட்டும் என்று நினைத்து, அதிலிருந்த பாட்டு ஆம்பிளிஃபயரையும் நான்கு ஸ்பீக்கர்களையும், சீட்டுக்கடியில் இருந்த பெரிய சப்ஊஃபர் பெட்டியையும் கழற்றி ஆட்டோவில் அனுப்பி வைத்தார். தவசிலிங்கத்துக்கு அதைப் பார்க்கவே அலுப்பாக இருந்தது. பின்சீட்டுக்காரர்கள் எழுந்து ஆடுவதற்காக, மலைப்பாதையிலும் மழையிலும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவர் கேட்டுத் தீர்த்த பாட்டெல்லாம் அந்த இரும்புப் பெட்டி வழியாக வந்தவைதான். காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றார். அவருடைய மனைவி செண்பகவல்லிதான் வேண்டாம் என்றாள். அவள் அந்த வேனில் ஒருநாளும் ஏறியதில்லை. சீசனில் அது எப்போதும் வாடகைக்குப் போனது, சீசன் இல்லாதபோது முதலாளியின் ஷெட்டில் நின்றது. வண்டிதான் கிடைக்கவில்லை, அதன் பாட்டாவது வீட்டில் கேட்கட்டுமே என்று அவள் சொன்னபோது, மறுத்துப் பேசுவதற்கும் தெம்பு வேண்டியிருந்ததால் அவர் சரி என்றார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆடியோ கடை வைத்திருக்கும் ராயப்பன் வந்து மாட்டிக் கொடுத்தார். வண்டியில் இருப்பதை வீட்டுக் கரண்டில் நேராகச் சொருகினால் புகைந்துவிடும், இதற்குப் பன்னிரண்டு வோல்ட்தான் வேண்டும் என்று சொல்லி, பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளை ஒன்றை முதலில் கொடுத்துப் பார்த்தார். மெதுவாகப் பாடும்வரை அது தாக்குப் பிடித்தது, தவில் அடி விழுந்ததும் மூச்சடைத்து நின்றுவிட்டது. பிறகு ஒரு லாரி பேட்டரியைத் தூக்கி வந்து, அதற்கு ஒரு சார்ஜரும் வைத்து, தடித்த சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் முறுக்கிக் கட்டினார். அப்படியும் ஆம்பிளிஃபயர் கண் திறக்கவில்லை. கடைசியில் மெல்லிசான நீல வயர் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"அண்ணாச்சி, வண்டியில சாவியைத் திருப்பினா இந்த வயருக்குக் கரண்டு வரும். வந்தாத்தான் இது முழிக்கும். வீட்ல சாவிக்கு எங்க போக? நேரா பேட்டரியில சேத்து விட்டிருதேன். வண்டி கிளம்பிட்டுன்னு அது நெனச்சுக்கிடும்."

"நெனச்சுக்கிட்டுப் போகட்டும்" என்றார் தவசிலிங்கம்.

நீல வயர் பேட்டரியைத் தொட்டதும் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. செண்பகம் ஒரு பாட்டைப் போட்டாள். முதல் சரணம் முடியும்முன் கிளட்சை விட்டதுபோல வீடு ஒருமுறை குலுங்கி, அடுப்பிலிருந்த பால் தளும்பி, பிறகு லைன் வீடு முழுவதும் ஒரே உடம்பாக, அடுத்தடுத்த வீடுகளையும் அவற்றிலிருந்த மனிதர்களையும் இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கி, தெற்கே திருநெல்வேலி ரோட்டைப் பிடித்தது. கரண்டு வயர் தானாகவே கழன்று, வாசலில் நின்ற வேப்பமரத்தின் கொம்பில் தொங்கிக் காத்திருந்தது. தண்ணீர்க் குழாயும் பின்பக்கத்துக் கக்கூஸ்களும் மட்டும் நின்ற இடத்தில் நின்றன. ராயப்பன் ஸ்க்ரூ டிரைவரோடு கதவைப் பிடித்துக்கொண்டு, சிறிது நேரம் வெளியே பார்த்துவிட்டு, கடையைத் திறந்து போட்டு வந்ததாகச் சொன்னார்.

கயத்தாறு காற்றாலைகள் தெரிந்தபோது அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவர் வழியாகவே, அண்ணாச்சி, எங்கே போகிறோம் என்று விசாரித்தார்கள். ரோட்டில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பஸ்காரர்கள் ஹாரன் அடித்து வழி விட்டார்கள். சுங்கச்சாவடியில் இருந்தவர் வெளியே வந்து, வீட்டுக்கு எத்தனை அச்சு என்று குனிந்து பார்த்து, அச்சு எதுவும் தென்படாததால் யோசித்து, போங்கள் என்று கையைக் காட்டினார். பாட்டுகள் தீரும் நேரத்தில் வீடு தானாகவே திரும்பி, வந்த வழியே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. டூர் வண்டியின் ஆம்பிளிஃபயர் இல்லையா, போன சனங்களைக் கொண்டுவந்து விட்டால்தான் அதற்கு ஒரு பயணம் முடியும்.

மறுவாரத்துக்குள் இது எல்லாருக்கும் பழகிவிட்டது. வீடு கிளம்புவதற்கு முன் எல்லாரும் கக்கூஸ் போய்விட்டு வரவேண்டும், குடத்தில் பாதித் தண்ணீர்தான் பிடிக்கவேண்டும், அம்மிக்கல்லைச் சுவரோரம் நகர்த்தி வைக்கவேண்டும் என்று பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். பால்காரர் வெறும் மனையைக் கண்டால் வேப்பமரத்தில் பையை மாட்டிவிட்டுப் போனார். வீட்டுச் சொந்தக்காரர் அய்யம்பெருமாள் ஒருநாள் குடையோடு வந்து, தன் வீடு இருந்த இடத்தில் வெறும் சதுரத்தைப் பார்த்துவிட்டு, வெளியூரில் இருக்கும் நேரத்திலும் அது தன் வீடுதானே என்று வக்கீலிடம் கேட்டார். வக்கீல் ஆமாம் என்றதும் நிம்மதியாகப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டில், தீப்பெட்டி ஆபீஸில் கங்காணியாக இருந்து பக்கவாதத்தில் விழுந்த கோமதிநாயகம் படுத்தபடியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவர். விட்டத்தையும் எதிர்ச் சுவரையும் தவிர வேறெதையும் வெகுகாலமாகப் பார்க்காத அவருடைய ஜன்னலில் இப்போது சங்கரன்கோவில் கோபுரமும், தென்காசி மலையும், வாய்க்காலில் எருமை குளிப்பாட்டும் ஆட்களும் வந்து போனார்கள். அவர் பேச முடியாத வாயால் ஏதோ சொன்னார். கண்ணிலிருந்து நீர் வடிந்து தலையணை நனைந்தது. அதைப் பார்த்த பிறகு வீட்டை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

ஒருவரைத் தவிர. வீடு ஓடினால் அதை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது இரண்டாவது பயணத்திலேயே தெரிந்துவிட்டது. ஸ்டியரிங் இல்லை, பிரேக் இல்லை. முன்வாசலில் நாற்காலி போட்டு ஒருவர் கண்ணை எடுக்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் வீடு அவர் பார்வை போகும் வழியே ஒழுங்காகப் போகும். கண் அசந்தால் மேய்ச்சலுக்குப் போகும் மாடுபோல ஓரத்துக்கு இறங்கும். அதற்கு முப்பது வருட டிரைவரை விட்டால் வேறு யாரை உட்கார வைப்பது? தவசிலிங்கம் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை போட்டு, தன் வீட்டு வாசலில் தானே டிரைவராக உட்கார்ந்தார். வேனிலாவது ராத்திரி வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகலாம் என்ற நினைப்பு இருந்தது. இப்போது எங்கே இறங்கி எங்கே போவது?

அவர் யாரிடமும் சொல்லவில்லை. லைன் வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், ஒவ்வொருவரும் ஒரே ஒரு இடம்தான் கேட்டார்கள். ஒருத்தர் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம், ஒருத்தர் குலதெய்வம், ஒருத்தர் சும்மா அருவியில் தலையைக் காட்ட வேண்டும் என்றார். யாருக்கும் அது அதிகமான ஆசை இல்லை. எல்லா ஆசைகளும் சேர்ந்து ஒரே இடுப்பின்மேல் வந்து உட்கார்ந்தன. அவர் சாப்பிடும்போது தட்டையே முறைத்துப் பார்த்தார், பேசும்போது பாதியில் நின்றார். செண்பகம் கவனித்தாள், ஆனால் அவளும் ஓர் ஆசையை வைத்திருந்தாள். எல்லாருடைய முறையும் முடிந்து, கடைசியில் தன் முறை வரும்போது கன்னியாகுமரிக்குப் போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். அதனால் அவளும் வாய் திறக்கவில்லை.

அதே லைனில் குடியிருந்த இட்லிக்கடை ஜெபக்கனியின் மகளைப் புனலூரில் கட்டிக் கொடுத்திருந்தது. அவளுக்குத் தலைப்பிரசவம் என்று செய்தி வந்ததும் வீடு செங்கோட்டைக் கணவாய் தாண்டிக் கேரளாவுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் லைன் வீடே நின்றது. பிள்ளை பிறந்ததும் நேராகத் தாயின் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து கிடத்தினார்கள், ஒரு தாய்க்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஜெபக்கனி எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தாள். தவசிலிங்கம் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, கரையும்வரை காத்திருக்கத் தெம்பில்லாமல் விழுங்கினார்.

திரும்பும் வழியில், மத்தியானம் கழிந்த வேளையில், கழுகுமலை தாண்டி இருபுறமும் கரிசல்காடு விரிந்தபோது, அவருடைய இமைகள் ஒருமுறை மூடின. திறந்தன. மறுபடி மூடின. வீடு சாலையை விட்டு இறங்கியது. உழுது போட்டிருந்த காட்டில் கட்டியும் சாலும் தட்டத் தட்ட, பானைகள் உருள, பிள்ளை அலற, கோமதிநாயகத்தின் கட்டில் நழுவிச் சுவரில் மோத, வீடு ஒரு கண்மாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முதல் மழைக்கு அதில் பாதித் தண்ணீர் நின்றது. செண்பகம் அடுப்படியிலிருந்து ஓடிவந்து நீல வயரைப் பிடுங்கி எறிந்தாள். வாசற்படியைத் தண்ணீர் நனைக்க வீடு நின்றது.

ஒவ்வொரு வீட்டிலும் ஆட்களைத் தொட்டுப் பார்த்து எண்ணிக்கொண்டார்கள். கோமதிநாயகத்துக்கு நெற்றியில் லேசான காயம். பிள்ளை அழுது ஓய்ந்து பால் குடித்தது. யாரும் தவசிலிங்கத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்து, அடி வாங்கிய பிள்ளையைப் போலத் தேம்பி அழுதார். பிறகு எழுந்து உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

"இனி அந்த வயரைச் சேக்காதீங்க" என்றார். "நான் கொன்னிருப்பேன்."

அதனால் லைன் வீடு கண்மாய்க் கரையிலேயே தங்கியது. முதல் நாள் சங்கடமாக இருந்தது, பிறகு அதுவும் பழகியது. கொடி கட்டித் துணி காயப் போட்டார்கள். ஜெபக்கனி காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இட்லி விற்றாள். வேலைக்குப் போகிற ஆண்கள் ரோட்டில் நின்று கோவில்பட்டி பஸ்ஸைப் பிடித்தார்கள். நிலத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, விதைப்புக்கு முன்னால் கிளம்பிவிடுவீர்களா என்று மட்டும் பணிவாகக் கேட்டார், மறுநாள் ஒரு கூடை வெள்ளரிக்காய் கொடுத்தனுப்பினார். தவசிலிங்கம் படுத்தே கிடந்தார். வீடு ஓடாவிட்டாலும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் கண்மாய்த் தண்ணீர் வாசற்படி ஏறி வந்தது.

வானம் மூட்டம் போட்டு, விதைக்கும் நாள் நெருங்கியது. நிலத்துக்காரர் இப்போது வரப்பிலேயே வந்து நின்றார், ஒன்றும் கேட்கவில்லை. அன்று காலையில் செண்பகம் குளித்து, தலையை அள்ளி முடிந்து, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வாசலில் ரோட்டைப் பார்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். ராயப்பனைக் கூப்பிட வேண்டாம், வயர் எதுவென்று எனக்குத் தெரியும் என்றாள். தவசிலிங்கம் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நீயா ஓட்டப் போற?"

"இதுல ஓட்டுறதுக்கு என்ன இருக்கு? வாசல்ல உக்காந்து ரோட்டைப் பாக்கணும், அவ்வளவுதான?" அவள் திரும்பவில்லை. "நீங்க வேன்ல போன நாளெல்லாம் நான் இந்த வாசல்ல உக்காந்து அதைத்தான் செஞ்சேன். ஒருநாளும் கண்ணசந்ததில்ல."

எத்தனையோ விடியற்காலைகளில் வண்டியை விட்டு இறங்கி வரும்போது கதவு தட்டுமுன்பே திறந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அதைப் பற்றி அவர் அதுவரை யோசித்ததே இல்லை. அவள் ஒரு காவலாளியைப் போலவும் ஒரு கைதியைப் போலவும் அந்த வாசலில் இருந்திருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது. எழுந்து வந்து, நீல வயரை அவரே பேட்டரியில் சேர்த்தார்.

அவள் பார்வையில் வீடு கரிசலை விட்டு ஏறிய விதத்தைப் பற்றி லைன் வீட்டுக்காரர்கள் இன்றும் பேசுவார்கள். உழவுச் சாலுக்குச் சேதமில்லை, நிலத்துக்காரரின் வரப்பு உடையவில்லை, குடத்துத் தண்ணீர் தளும்பவில்லை. அவள் எந்த அவசரமும் இல்லாமல், யாரோ வருவதை எதிர்பார்ப்பதுபோல ரோட்டின் கடைக்கோடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வீடு அந்தக் கடைக்கோடியை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. வழியில் தவசிலிங்கம் ஒரே ஒரு தடவை, லாரி வருது என்றார். பார்த்துவிட்டேன் என்றாள்.

ஊர் வந்து சேர்ந்ததும் அவள் எல்லாரிடமும் தன் முறையைக் கேட்டாள். எல்லாரும் சரி என்றார்கள். கன்னியாகுமரிக்குப் புறப்படும் அன்று கோமதிநாயகத்துக்குச் சவரம் செய்து வேட்டி மாற்றினார்கள், ஜெபக்கனி பேரப்பிள்ளைக்கு மை தீட்டினாள். தவசிலிங்கம் மட்டும் தன் நார்க்கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்.

"நீங்க வரலையா?" என்றாள்.

"நான் நெறைய தடவை போயிட்டேன், செண்பகம்" என்றார். "நீ போயிட்டு வா."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபிக்க நினைத்தவள்போல இருந்தாள், பிறகு அந்த முகத்தில் கோபிப்பதற்கு இடமில்லாத அளவு களைப்பைப் பார்த்து, உள்ளே போய்ப் பாட்டைப் போட்டாள். வீடு குலுங்கிக் கிளம்பியது. தெருமுனையில் அது திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பயணத்தை வெளியே நின்று வழியனுப்புவது அவருக்கு அதுவே முதல் தடவை.

பிறகு கட்டிலை இழுத்துக்கொண்டு, தன் வீடு இருந்த மனையின் நடுவில், வெயில் படாத சுவடாகக் குளிர்ந்து கிடந்த மண்ணில் போட்டுப் படுத்தார். மேலே கூரை இல்லை, ஓடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. கால்மாட்டில் தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கையைக் கீழே தொங்கவிட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தார். அது நின்றுகொண்டிருந்தது. அய்யம்பெருமாள் அந்த வழியாக வந்து, வீடு எங்கே என்று கேட்டார். கன்னியாகுமரி என்றார். எப்போது வரும் என்று கேட்டார். அதற்குள் தவசிலிங்கம் தூங்கிவிட்டிருந்தார். அய்யம்பெருமாள் தன் குடையை விரித்து, வெயில் அவர் முகத்தில் விழாதபடி கட்டில் சட்டத்தில் கட்டிவிட்டுப் போனார்.

பொழுது சாயும்போது தெருமுனையில் பாட்டு கேட்டது. வாசலில் உட்கார்ந்திருந்த செண்பகம் தூரத்திலிருந்தே மனையின் நடுவில் கட்டிலையும், அதில் வாய் பிளந்து தூங்குகிறவரையும் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை. கையை நீட்டிப் பாட்டின் சத்தத்தைக் குறைத்தாள், இன்னும் குறைத்தாள், நூலாகும்வரை குறைத்தாள். வீடும் அதற்கேற்ப அடங்கி நடந்தது. லைன் வீட்டுச் சனங்கள் பிள்ளையின் வாயை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்களில் நின்றார்கள். முட்டையின்மேல் கோழி அமர்வதுபோல வீடு அவரைச் சுற்றி இறங்கியது. ஒரு சுவர் அவர் தலைமாட்டில் வந்து நின்றது, ஒரு சுவர் கால்மாட்டில். குடைக்கு மேலே கூரை மூடிக்கொண்டது.

செண்பகம் நீல வயரைக் கழற்றிவிட்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் பாதங்களிலிருந்து மணல் உதிர்ந்தது. சேலையின் கீழ்ப்பக்கம் முழங்கால்வரை நனைந்து உப்புப் பூத்திருந்தது.

அவர் கண்ணைத் திறக்காமலே, "வந்துட்டியா?" என்றார்.

"வந்துட்டேன்."

"கடல் இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றாள். "நீங்க தூங்குங்க."